ஒரே சாலை, இரண்டு கணவாய்: பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை

இராமேசுவரம் கரையில் கணவாய் என்றதும் நினைவுக்கு வருவது வலையில் ஏறும் கணவாய் மீன்தான். மலை இடுக்கு என்ற பொருளெல்லாம் அதற்கு அப்புறம். ஆனாலும் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவிலுள்ள நீர்வழியை ஆங்கிலேயர் காலத்துக் கடல் வரைபடங்கள் 'பாம்பன் பாஸ்' என்று, அதாவது பாம்பன் கணவாய் என்றே குறித்தன. அந்தப் பெயர் பொருத்தமானது. மலையில் முகடுகளுக்கு இடையே தாழ்ந்த இடம் பார்த்து வழி போகும். இங்கே பாறைத் திட்டுகளுக்கு இடையே ஆழமான இடம் பார்த்துப் படகு போகும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பழைய தேசிய நெடுஞ்சாலை 49 கொச்சியில் கிளம்பி, மூணாறு ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, தேனி, மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக இந்தக் கடலுக்கு வந்து சேர்ந்தது. மேற்கே மலைக் கணவாய், கிழக்கே கடல் கணவாய், இரண்டுக்கும் அன்று ஒரே எண். 2010இல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் கொடுத்தபோது மலைப்பகுதி 85க்கும், இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி போகும் பகுதி 87க்கும் பிரிந்து போயின.

போடிமெட்டில் மழை பெய்தால் மண் சரியும். சரிந்ததை அள்ளினால் அடியில் பாறை இருக்கும். தனுஷ்கோடியில் எத்தனை அடி அள்ளினாலும் மணல்தான். நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் கடைசி முப்பது கிலோமீட்டரில் போட்டதும் போனதும் எல்லாமே, அந்த மணலையும் தண்ணீரையும் வழி எப்படி நடத்தியது என்பதைப் பொறுத்தே நடந்தன. இந்த ஆய்வு அதைத்தான் வரிசையாகப் பார்க்கிறது.

நிலத்தின் அமைப்பு

இராமேசுவரம் தீவின் மேற்குப் பாதி அகலமானது. பவளச் சுண்ணாம்புக் கல் அடியில் இருக்கும், பனையும் உடைமரமும் நிற்கும். ஊரைத் தாண்டித் தென்கிழக்கே போகப் போகத் தீவு ஒடுங்கி வாலாக நீள்கிறது. அந்த வால் முழுக்க மணல் திட்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே உள்ளதை ஆண் கடல் என்பார்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் அலை அடித்துக்கொண்டே இருக்கும். அதே நாளில் நூறு அடி தள்ளி வடக்கே கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் பெண் கடலும் புரளும். சாலையின் இரு பக்கத்துக்கும் அடி விழும் மாதம் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பழுதுகள் எளிதாகப் புரியும்.

இந்த மணலுக்கு அடியில் குடிதண்ணீர் உண்டு. தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் கையாலும் சிரட்டையாலும் மூன்று நான்கு அடி தோண்டுவார்கள். முதலில் ஈர மணல், அப்புறம் கலங்கல் தண்ணீர். அதை இரண்டு முறை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் எடை குறைந்ததால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. சிரட்டையால் மொண்டால் ஊற்று தாங்கும். மோட்டார் வைத்து இழுத்தால் நடுவில் உப்பு மேலேறி ஊற்று கெட்டுவிடும். சாலை வேலைக்கு இந்தத் தண்ணீரை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

கலவைக்குத் தண்ணீர் சாதாரண விஷயமில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடல்நீரில் அது சுமார் 19,000. அதாவது நல்ல தண்ணீர் 37 வாளிக்கு ஒரு வாளி கடல்நீர் கலந்தாலே வரம்பு எட்டிவிடும். கரையில் அள்ளிய மணலைக் கழுவாமல் போட்டாலும் கதை அதேதான். ஜல்லி, கழுவிய மணல், தண்ணீர் மூன்றும் பாம்பனைத் தாண்டி வந்தாக வேண்டும். இங்கே கட்டுமானச் செலவு கூடுவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான்.

நடைவழி, சத்திரம், ரயில்

இராமநாதபுரத்து மன்னர்களுக்குச் சேதுபதி என்று பெயர் வந்ததே இந்த வழியைக் காத்ததால். யாத்திரை வருபவர்களைக் களவிலிருந்து காப்பதும், நிழலும் தண்ணீரும் சோறும் கொடுப்பதும் அவர்கள் கடமையாக இருந்தது. அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என்று இன்றும் பேருந்து நடத்துநர் கூப்பிடும் ஊர்ப்பெயர்களில் அந்த மடங்களும் சத்திரங்களும் நிற்கின்றன. ஒரு மனிதன் வெயிலில் மணல் மிதித்து எவ்வளவு தூரம் நடப்பானோ அதை அறிந்துதான் நிழலும் கிணறும் வைக்க முடியும். வடக்கிலிருந்து வந்தவர்கள் சேதுவில் நீராடி, மணல் எடுத்துக்கொண்டு போய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீர் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்தார்கள். நடைவழி மணலை எதிர்க்கவில்லை. புயலில் தடம் அழிந்தால் மறுநாள் பத்தடி தள்ளி வேறு தடம் விழும், அவ்வளவுதான்.

ரயில் வந்தபோது அது மாறியது. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் தண்டவாளம் வந்தது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 145 கண்கள், நடுவே கப்பலுக்காக இரண்டு இலைபோல் மேலே தூக்கும் ஷெர்சர் வகைத் தூக்குப் பாலம். அந்தத் தூக்கை இயக்க மின்சாரம் இல்லை. இரு பக்கமும் ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றினார்கள். அந்த ஆண்டே தனுஷ்கோடித் துறைக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் சுமார் 35 கிலோமீட்டர். சென்னையில் போட் மெயில் ரயில் ஏறுபவருக்குக் கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு. அதுவரை தூத்துக்குடிதான் கொழும்புக்கு வாசல். அந்த வாசல் இங்கே இடம் மாறியதும் வெறும் மணல் முனையில் ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளி, பவளக்கல் தேவாலயம் எல்லாம் எழுந்தன.

தண்டவாளத்துக்குச் சமதளம் வேண்டும், வளைவு மெல்ல வளைய வேண்டும், இன்று ஓரிடம் நாளை ஓரிடம் என்று நகரவும் முடியாது. மணலைக் குவித்துக் கரை எழுப்பி, மேலே கல் பரப்பி, இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு நிலையான கோடு போட்டார்கள். அந்தக் கோடு ஐம்பது ஆண்டு தாங்கியது.

1964 டிசம்பர்: என்ன நடந்தது, ஏன்

அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல் 22ஆம் தேதி இலங்கையைக் கடந்து, அன்று நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியில் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில் நிலையத்தை நெருங்கும் தறுவாயில் அலைக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊர் அழிந்தது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது குரல் இன்றும் தணிந்துதான் வரும்.

காற்றின் வேகத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த அழிவு விளங்காது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். புயல் தள்ளிய தண்ணீர் ஆழமான கடலில் கீழ்வழியாகத் திரும்பிவிடும். ஆழமில்லாத இடத்தில் திரும்ப வழியின்றிக் குவியும். குவிந்த தண்ணீர் மணல் திட்டைத் தாண்டி அடுத்த கடலுக்குப் போகப் பார்க்கும். வழியில் நிற்பது தண்டவாளக் கரை. தண்ணீர் கரையின் உச்சியைத் தாண்டியதும் மறுபக்கச் சரிவில் வேகம் எடுக்கும். அடி விழுவது அலை மோதும் பக்கத்தில் இல்லை, முதுகுப் பக்கத்தில். சரிவின் கால் கரையும், கல் பெயரும், அப்புறம் மணல் உள்ளிருந்து உருவப்படும்; கடைசியில் தண்டவாளம் கட்டைகளோடு ஏணிபோல் அந்தரத்தில் தொங்கும். மணற்கரை எங்கே நீரில் மூழ்கினாலும் இந்த வரிசையில்தான் உடைகிறது. ஆற்றுக் கரை உடைப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பாம்பன் பாலத்தில் நடந்தது வேறு. கண்களைத் தாங்கிய 145 கர்டர்களில், அதாவது இரும்பு உத்தரங்களில், 126 கடலில் விழுந்தன. நடுவிலிருந்த தூக்குப் பாலம் நின்றது. கடல் அடியில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி மறுபடி பொருத்தினார்கள். இளம் பொறியாளராக இருந்த இ.ஸ்ரீதரன் அந்த வேலையை 46 நாளில் முடித்தார். அடித்தளம் பாறையில் நின்றதால் மேல்பகுதி போனாலும் வழி பிழைத்தது. தனுஷ்கோடித் தண்டவாளத்துக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால் அதை மறுபடி போடவே இல்லை. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி, இலங்கையில் போர் மூண்ட 1980களில் அதுவும் நின்றது.

சக்கரத் தடத்தில் ஐம்பது ஆண்டு

1964க்குப் பிறகு முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்தது. அதற்கு மேல் வேன், ஜீப், மீன் ஏற்றும் சின்ன லாரி. ஓட்டியவர்கள் நாளுக்கு நாள் தடம் மாற்றினார்கள். கடல் வற்றி நிற்கும்போது நனைந்து இறுகிய மணலில் ஓடுவார்கள். காய்ந்து வெளுத்த மணலில் சக்கரம் புதையும். தண்ணீர் ஊறிக் குழைந்த சாம்பல் நிறச் சேறு அதைவிட மோசம், மேலே பார்த்தால் கெட்டி, மிதித்தால் முழங்கால். சக்கரத்தில் காற்றை 30 பாயிண்டிலிருந்து 15, 18க்கு இறக்கினால் டயர் தட்டையாகி எடை பரவும். நடுவில் பிரேக் போடுவதும், கியர் மாற்றத் தயங்குவதும், நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதிப்பதும் வண்டியை அச்சு வரை இறக்கும். அப்படி இறங்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாகத் தோண்டி, பனை மட்டையோ சாக்கோ விரித்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்க வேண்டும்.

நடைவழியின் அறிவு இதில் இருந்தது. தடம் நிலையாக இல்லாததால் கடல் அதைப் பறிக்கவும் முடியவில்லை. ஆனால் பிரசவ வலி வந்த பெண்ணையும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது என்பதை மறந்து அந்தக் காலத்தைப் புகழ்வது நியாயமல்ல.

இதற்கிடையே மேற்கு முனையில் பெரிய மாற்றம் வந்துவிட்டது. பாம்பன் சாலைப் பாலத்தின் வேலை 1974இல் தொடங்கி, 1988 அக்டோபர் 2இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நீளம் 2,345 மீட்டர். நடுவில் உயர்ந்து நிற்பதால் கீழே கப்பல் போகத் தூக்க வேண்டியதில்லை. அதுவரை மண்டபத்தில் பேருந்தை விட்டு இறங்கி ரயில் பிடித்துத்தான் தீவுக்குப் போனார்கள். இந்தப் பாலத்தின் அருமை 2022 டிசம்பரில் மீண்டும் தெரிந்தது. பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி பழுதாகி ரயில் நின்றபோது, 2025 ஏப்ரல் 6இல் 72.5 மீட்டர் தூக்குக் கண்ணோடு புதிய ரயில் பாலம் திறக்கும் வரை, தீவின் மொத்தப் போக்குவரத்தையும் இது ஒன்றே சுமந்தது.

2017: தார் முனை வரை

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி 5 கிலோமீட்டர், அங்கிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை 4.5. இந்த 9.5 கிலோமீட்டர் இருவழிச் சாலையைப் பிரதமர் மோதி 2017 ஜூலை 27இல் திறந்துவைத்தார். மீண்டும் ஒரு நிலையான கோடு. ஆனால் இம்முறை கரையின் ஓரத்தில் கம்பிவலைப் பெட்டிகளில் கல் நிரப்பி அடுக்கியிருக்கிறார்கள். கேபியன் என்பது அதுதான்.

கான்கிரீட் சுவரில் அலை மோதினால் முழு வேகமும் திரும்பி அடிக்காலைத் தோண்டும். கற்பெட்டியில் தண்ணீர் இடுக்குகளில் நுழைந்து வேகம் இழக்கும். அடியில் மணல் கொஞ்சம் இறங்கினாலும் பெட்டி வளைந்து கூடவே இறங்கும், உடையாது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கல், வலைக் கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் கண்ணுக்கு 15 முதல் 25 சென்டிமீட்டர் கல் சரி. பெட்டியைத் தளரவிட்டு நிரப்பினால் ஒவ்வோர் அலைக்கும் கல் உருண்டு கம்பியை அறுக்கும். கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு மட்டும் போதாது, அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் வேண்டும். அந்த உறையையும் அலையோடு வரும் மணல் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும் என்பதால், நீர்மட்டத்தை ஒட்டிய வரிசைதான் முதலில் பிய்யும். ஆய்வுக்குப் போகிறவர் மேல் வரிசையைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது, குனிந்து கீழ் வரிசையைப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஜியோடெக்ஸ்டைல் துணி. கல்லுக்கும் சாலைக்கு அடியிலுள்ள மணலுக்கும் நடுவே அது இருக்க வேண்டும். தண்ணீரை விடும், மணலை விடாது. இரண்டு விரிப்பு சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு குறைவாக இருந்தாலோ, கல் கொட்டும்போது கிழிந்தாலோ, ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலை உறிஞ்சிக்கொண்டு போகும். மேலே தார் முழுசாகத் தெரியும், அடியில் குகை விழுந்திருக்கும். பிறகு ஒரு நாள் பேருந்துச் சக்கரம் ஏறும்போது ஓரம் அமுங்கும். ஓரத்தில் சாலைக்கு இணையாக முடிபோல ஒரு நீள விரிசல் கண்டால் அது வெயிலால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது. அடியில் மணல் போகிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. தாரை மட்டும் ஒட்டுப்போட்டால் அடுத்த கச்சானில் அதே இடம் மறுபடி அமுங்கும். தோண்டி, துணியைச் சரிசெய்து, மணலை ஈரப்படுத்தி அடுக்கடுக்காக இறுக்கித்தான் மூட வேண்டும்.

மணல் ஏறும் விதம்

கடல் அரிப்பு செய்தியில் வரும். மணல் ஏறுவது அன்றாடம் நடக்கும். உலர்ந்த மணல் காற்றில் பறப்பதில்லை, முழங்காலுக்குக் கீழே துள்ளித் துள்ளி ஓடுகிறது. தார்மேல் அது தடையின்றி ஓடிக் கடந்துவிடும், ஏதாவது குறுக்கே நிற்காத வரை. தடுப்புச் சுவர், நிறுத்திய வண்டி, கடைப் பலகை எதுவாக இருந்தாலும் அதன் காற்றுமறைவில் வேகம் குறைந்து மணல் விழும். விழுந்த குவியலே அடுத்த தடை. ஆகவே ஓரத்தை மொட்டையாக, சரிவாக விட்ட இடத்தில் சாலை தானாகச் சுத்தமாகிறது. உயரமான தடுப்பு எழுப்பிய இடத்தில் நாக்கு நாக்காக மணல் ஏறுகிறது. அலைக்குச் சுவர் வேண்டும், காற்றுக்குச் சுவர் கூடாது. இந்த முரணை முழுவதும் தீர்க்க முடியாது. அலை எட்டும் இடத்தில் மட்டும் உயர்த்தி, மற்ற இடத்தில் தாழ்த்துவதே நடைமுறை.

காற்று வரும் பக்கத்திலேயே மணலைப் பிடித்து நிறுத்துவது இதைவிட நல்ல வழி. இராவணன் மீசை என்ற முள்புல்லும் அடப்பங்கொடியும் அந்த வேலையைக் கூலி இல்லாமல் செய்கின்றன. மணல் மூட மூட மீசைப்புல் கணுவில் புது வேர் விட்டு மேலே வரும், மேடு அதோடு வளரும். சவுக்கு காற்றைத் தடுக்கும், ஆனால் தரையை ஒட்டி ஓடும் மணலை அடியில் விட்டுவிடும். படம் எடுக்கக் கூட்டம் ஒரே இடத்தில் கொடியை மிதித்துப் போய்வந்தால் இரண்டு பருவத்தில் அங்கே பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் வழியாகவே மணல் சாலைக்கு வரும். கடற்கரைக்கு இறங்க நான்கைந்து இடத்தில் மரப்பலகைப் பாதை போட்டு, மற்ற இடத்தில் கயிறு கட்டினால் பெரும்பகுதி மேடு பிழைக்கும்.

வண்டியில் போகிறவர்கள் தாரை விட்டு இறங்காமல் இருப்பதே இந்தச் சாலைக்குச் செய்யும் பெரிய உதவி. ஓரத்தில் இறங்கிய சக்கரம் தானும் புதையும், சாலையின் விளிம்பையும் உடைக்கும். பாம்பன் பாலத்தின் நடுவில் ரயில் பார்க்க வண்டியை நிறுத்துவது ஆபத்து. அங்கே பக்கக் காற்று இருசக்கர வண்டியைத் தள்ளும், பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடமில்லை. முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவதால் புறப்படும் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது நல்லது.

பராமரிப்பில் அடிக்கடி தவறாக நடப்பது, அள்ளிய மணலை என்ன செய்வது என்பதில்தான். ஜேசிபி மணலை வாரி, அருகில் இருக்கும் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. காற்று வரும் பக்கத்தில் கொட்டினால் ஒரு வாரத்தில் அதே மணல் சாலைக்குத் திரும்பும். லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோனால் திட்டு மெலிந்து அலை இன்னும் கிட்ட வரும். கச்சான் காலத்தில் அள்ளியதை வடக்கே பெண் கடல் ஓரத்திலும், வாடையில் அள்ளியதைத் தெற்கே கற்பெட்டிகளின் அடிக்காலிலும் போட வேண்டும். அடிக்காலில் போடும்போது, கம்பி அறுந்த பெட்டிகளை முதலில் மாற்றிவிட்டு அதற்குப் பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் பழுது மணலுக்குள் மறைந்து, அடுத்த வைகாசி வரை யார் கண்ணிலும் படாது.